அன்றிலிருந்து

காவேரிப்பட்டணம் ரோட்டில் மாம்பழக்கூழ் ஆலை.
சீசனில் மூன்று ஷிஃப்ட்.
டிரம் எண்ணுவேன், லேபிள் சரிபார்ப்பேன்,
இங்கிலீஷில் எழுத வேண்டியது எதுவானாலும்
என் மேசைக்கு வரும். பி.காம் படித்த பாவம்.

இன்று வந்தது இன்சூரன்ஸ் படிவம்.
‘நடந்ததைச் சுருக்கமாக’ என்று ஒரு பெட்டி,
நாலே வரி.

எழுதினேன்:
ஜூன் பதினொன்று, செவ்வாய், இரண்டாவது ஷிஃப்ட்,
கொட்டை எடுக்கும் மெஷினில்
சாலம்மா, வயது முப்பத்தாறு,
ஹேஸ் லாஸ்ட் டூ ஃபிங்கர்ஸ்.

ஓசூர் ஆபீஸிலிருந்து போன்.
தேதி போட்டால் ஹேஸ் வராது.
ஹேஸ் வேண்டுமானால் தேதி இருக்கக் கூடாது.
ரெண்டில் ஒன்றை எடுத்துவிட்டு
பத்து நிமிஷத்தில் அனுப்பு.

தேதி இல்லாமல் பணம் இல்லை.
ஹேஸை அழித்தேன்.
இப்போது வெறும் லாஸ்ட்.
போன வருஷம் பெய்த மழைபோல
முடிந்துபோன சமாச்சாரம்.

லாஸ்ட் டியூஸ்டே, ஷீ லாஸ்ட்.
நம் எழுத்தில் எழுதினால் இரண்டும் ஒன்றே.
தமிழும் லேசுப்பட்டதில்லை:
போன செவ்வாய்,
போன விரல்.

அன்றைக்கு ஜீப் எங்கே என்று கத்தினோம்.
கெம்பராஜ் போனில் சொன்னான்,
“இதோ வந்துட்டேன்.”
இலக்கணப்படி இறந்தகாலம்.
போச்சம்பள்ளி பங்கில்
டீசல் போட்டுக்கொண்டிருந்தான்.
நாற்பது நிமிஷம்
துண்டு சுற்றிய கையை உயர்த்திப் பிடித்தபடி
வந்துவிட்டவனுக்காகக் காத்திருந்தோம்.
துண்டில் முதலில் பெங்களூரா மாம்பழத்தின் மஞ்சள்தான் தெரிந்தது.

மூன்று மணிக்குக் கையெழுத்துப் போட வந்தாள்,
கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரிக் கட்டோடு.
“என்ன தம்பி எழுதியிருக்க?”
“பதினொண்ணாம் தேதி விரல் போச்சுன்னு.”
“அன்னைக்கி எங்க போச்சு?
அன்னைக்கி வலிதான் இருந்துச்சு.
மறுவாரம் களி கிண்ட துடுப்பைப் புடிச்சேன் பாரு,
அப்பதான் போச்சு.
காலைல பொண்ணுக்கு ஜடை போட உக்காந்தேன்,
மறுபடியும் போச்சு.”

இதற்கு எந்தக் காலம் என்று
ஓசூருக்குப் போன் போட்டுக் கேட்க முடியாது.

நாலாவது வரி காலியாகவே இருந்தது.
சின்ஸ் என்று தொடங்கினேன்.
அந்தச் சொல் வாசலில் நின்றால்
ஹேஸ் உள்ளே வரலாம், யாரும் தடுக்க மாட்டார்கள்.
அன்றிலிருந்து அவள்
எதையும் இறுக்கிப் பிடித்ததில்லை
என்று எழுதி முடித்து,
மனசுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தேன்.

அன்றிலிருந்து.
அன்றில். இருந்து.
இத்தனை நாள் வாயில் புரண்ட சொல்
இன்றுதான் இரண்டாகப் பிளந்தது.
நாங்கள் எல்லோரும் ஜூலைக்கு வந்துவிட்டோம்.
அவள் அந்தச் செவ்வாயிலேயே இருந்து,
மெஷின் நின்ற அந்தச் சத்தத்துக்குள் இருந்து
எழுந்து வரத் தோதில்லாமல்
அங்கிருந்தே பதில் சொல்கிறாள்.

எட்டாவது வரை படித்தவள் சாலம்மா.
சம்பளப் பதிவேட்டில் மே மாதம்வரை
அவள் கையெழுத்து இருக்கிறது,
மெய்யெழுத்தின் புள்ளியைத்
தாள் குழிய அழுத்தி வைப்பாள்.

பேனாவை எடுத்தாள்.
இடது கைக்கு மாற்றினாள்.
மேசைமேல் வைத்துவிட்டு
என்னைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தாள்.
வெளியே ஒரு லோடு பழம் எடைமேடையில் ஏறிக்கொண்டிருந்தது.

ஸ்டாம்ப் பேடைத் திறந்து நகர்த்தினேன்.
கட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த பெருவிரல்
மெதுவாக இறங்கியது.

பக்கத்தில் தேதிக்கு ஒரு கட்டம்.
அதில் நான்
இன்றைய தேதியைப் போட்டேன்.